யார் ஜெபித்தது?

அடுக்களைச் சுவரில் இருந்த கருவி மத்தியானம் அலறியது. வீட்டில் யாரோ மனதுக்குள் ஜெபித்துவிட்டார்கள் என்று அர்த்தம். யாரோ என்ன, என் மனைவி எஸ்தர்தான். சோறு வடிக்குமுன் கண்மூடுகிற பழக்கத்தை, ஜெபத்துக்குத் தடை வந்தபிறகும் அவள் விடவில்லை. விடச்சொல்லி எவ்வளவு கத்தியிருப்பேன்!

அலறல் அடங்குமுன் அதிகாரி செருப்புக்காலோடு அடுக்களைக்கே வந்துவிட்டான்.

"யாரு ஜெபம் பண்ணது?"

"நான்தான்" என்றேன்.

"நீரா? உம்ம கல்யாணத்துக்கே சர்ச்சுக்குள்ள வரமாட்டேன்னு நின்ன ஆளுல்லா வே நீரு?"

"ஐயா, நாந்தான் பண்ணேன். அவுகளுக்கு ஜெபமே தெரியாது" என்று எஸ்தர் அழுதாள்.

"மிஷின் சொல்லட்டும்."

என் தலையில் ஒரு பட்டையை மாட்டினான். "இப்போ பண்ணும், பாப்போம்." நான் ஜெபித்தால் அவன் கையிலிருந்த பச்சை விளக்கு சிவக்கும். சிவக்காவிட்டால் எஸ்தர் முகாமுக்குப் போவாள். அங்கே போனவர்கள் யாரும் திரும்பியதில்லை.

கண்ணை மூடி, எஸ்தர் தினமும் சொல்லும் வார்த்தைகளை ஒப்பித்தேன். திறந்து பார்த்தேன். பச்சை.

"பொய்யி" என்று அவன் எஸ்தரின் கையைப் பிடித்து இழுத்தான்.

மறுபடி கண்ணை இறுக மூடினேன். வாழ்நாளெல்லாம் நான் ஏசியவனை அப்போதுதான் கூப்பிட்டேன். 'ஏலே, நீ இருக்கியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இவ உன்னை நம்புனா. இவ கையை விடச் சொல்லு.'

விளக்கு சிவந்தது. எஸ்தரின் கையை விட்டுவிட்டு, அவன் என் கையைப் பிடித்தான்.