இடது பக்கச் சக்கரம்

"ஃப்ரீசர்ல இரும்பை வெச்சிருக்கீங்களே, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?"

கார் ஷெட்டில் இருந்து பதிலுக்குச் சுத்தியல் சத்தம்தான் வந்தது.

ஐஸ் எடுக்கப் போனவள் கையில் சில்லென்று பட்டது அந்தப் புது வீல் பேரிங். அதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

ஜாக்கி மேல் கார் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. இடது பக்க முன்சக்கரம் சுவரில் சாய்ந்திருந்தது. கணவன் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சக்கரத்தைத் தாங்குகிற கனத்த இரும்பை முன்னால் வைத்து, அதற்குள் இருந்த பழைய பேரிங்கைக் காலையில் இருந்து அடித்துக்கொண்டிருந்தான். அது அசைவேனா என்றது.

"குளிர்ந்தா சுருங்கும். சுருங்கினா சுலபமா உள்ள போயிடும். வீடியோவுல சொன்னாங்க."

"பழசே இன்னும் வெளிய வரல, அதுக்குள்ள புதுசு உள்ள போற பேச்சு. முன்னாடி ஒரே ஒரு சக்கரம் ஊம்முனு கத்துது, அதுக்கு இந்த அமர்க்களமா? ஒர்க் ஷாப்ல விட்டா மெஷின்ல வெச்சு ஒரே அமுக்குல எடுத்துடுவாங்க."

"அவங்களுக்கு எதுக்குத் தண்டம் அழணும்?"

கஞ்சப் பிசினாறி. வாய் வரை வந்தது. சொல்லத்தான் தெம்பில்லை. வாரம் முழுக்க ஆபீஸ். கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் மண்டைக்குள் சுத்தியல்.

மாடி வீட்டுக்காரர் பால்கனியில் இருந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்குள்ள முடிஞ்சிடுமா சார்?" என்றார். கேள்வியைவிட அதில் கோபம்தான் அதிகம்.

"கொஞ்சம் மெதுவா அடிங்க. உள்ள தம்பி படுத்திருக்கான்" என்றாள் அவள்.

"அவன் எப்பதான் படுக்கல?" என்றான் கணவன், வேண்டுமென்றே சத்தமாக.

அவளுக்குச் சுருக்கென்றது. தம்பி மெக்கானிக்காக இருந்தவன். அவன் மாட்டிக் கொடுத்த சக்கரம் ஒன்று ஓடும்போதே கழன்று, காரில் வந்தவருக்குக் கால் முறிந்துபோனது. அவர் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். இவன்தான் எழுந்திருக்கவில்லை. அக்கா வீட்டுப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். டாக்டர், மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. தட்டில் வைக்கிற சாப்பாடு பாதி திரும்பி வருகிறது. அந்தக் கதவைத் தட்டித் தட்டி அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

"அவன் காதுபட இந்த வேலையைச் செய்யணுமா? ஈவு இரக்கமே கிடையாதா உங்களுக்கு?"

பதிலுக்கு ணங்கென்று ஓர் அடி. சுத்தியல் நழுவிக் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. கையை உதறிக்கொண்டான். அப்புறம் மறுபடியும் ணங், ணங்.

பின்னறைக் கதவு திறந்தது.

தாடியும் கசங்கிய சட்டையுமாகத் தம்பி வாசல்படியில் வந்து நின்றான். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

"மாமா, லாக்கை எடுத்தீங்களா?"

"எந்த லாக்கு மச்சான்?"

"பேரிங் வெளிய வராம ஒரு கம்பி வளையம் புடிச்சிருக்கும். அதை எடுக்காம வருஷம் பூரா அடிச்சாலும் வராது. சத்தத்துலயே தெரியுது."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

தம்பி பெருமூச்சு விட்டான். பிறகு செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்து, "தள்ளுங்க" என்றான்.

குறட்டால் அந்த வளையத்தை எடுத்தான். நாலு அடியில் பழைய பேரிங் கீழே விழுந்தது. புதுசை எடுக்க அவள் திரும்பினாள். "நீ இரு, நான் எடுத்துட்டு வரேன்" என்று கணவன் முந்திக்கொண்டு ஓடினான். தம்பி பழசைப் புதுசின்மேல் வைத்து, நீளமான போல்ட்டைக் கோத்து நட்டை முடுக்க முடுக்க, புதுசு சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்தது.

கடைசியில் சக்கரம். வீல் நட்டை முடுக்க வேண்டிய இடத்தில் தம்பியின் கை நின்றுவிட்டது. கணவன் அதைப் பார்க்காதவன்போல் அழுக்குத் துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

தம்பி முடுக்கினான். ஒவ்வொன்றாக. முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து ஒவ்வொன்றாக.

இரண்டு பேரும் காரில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்கள்.

"சத்தம் போச்சா?"

"எங்க போச்சு?" தம்பியின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ தெரிந்தது. "இடது பக்கம் திருப்பினா பாரம் வலது பக்கம் சாயும், அப்பதான் சத்தம் கூடுதுக்கா. அப்படின்னா கெட்டுப்போனது வலது பேரிங். மாமா நல்ல பேரிங்கைக் கழட்டிட்டாரு."

"சரியாப் போச்சு போ." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கணவன் திருதிருவென்று விழித்தான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வலதை மாத்திடறேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க மாமா. நீங்களா எதுலயும் கையும் வைக்காதீங்க. அக்கா, பசிக்குது. முதல்ல அவர் விரலுக்கு ஐஸ் குடு, வீங்கிப் போச்சு."

பசிக்குது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃப்ரீசரைத் திறந்தாள்.

ஐஸ் ட்ரேயை இழுத்ததும் பட்டாணிப் பாக்கெட் சரிந்தது. அதற்குப் பின்னால், பிளாஸ்டிக் பையில் சுற்றி, இன்னும் மூன்று புது பேரிங்குகள்.

காருக்கு நாலு சக்கரம். மாதத்துக்கு நாலு ஞாயிறு.

பாக்கெட்டைப் பழையபடி வைத்து மூடினாள். ஐஸைத் துணியில் கட்டி எடுத்து வந்து, கணவனின் விரலில் ஒற்றினாள். தம்பி குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னங்க," என்றாள், தம்பிக்கும் கேட்கும்படி. "வலது பக்கம் முடிஞ்சதும் பின்னாடி சக்கரத்தையும் தம்பியப் பாக்கச் சொல்லுங்க. அங்கயும் சத்தம் வருது. ரெண்டு பக்கமும்."