நான்காவது டெஸ்க்டாப்

கடவுச்சொல்லைத் தட்டினான். அதோடு அவன் வேலை முடிந்தது.

மற்றதை மடிக்கணினி பார்த்துக்கொள்ளும். ஒரே திரைக்குள் நான்கு டெஸ்க்டாப்கள். முதலாவதில் மின்னஞ்சல், இரண்டாவதில் மீட்டிங், மூன்றாவதில் புரோகிராம் எழுதும் ஜன்னல். பந்தியில் ஆளாளுக்கு ஓர் இலை பிடிப்பதுபோல் எல்லாம் தானாக வந்து அதனதன் இடத்தில் உட்காரும். அதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தான். வாழைப்பழச் சோம்பேறி என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அவனுக்கு அதில் பெருமைதான்.

நான்காவதில் அப்பா.

கோவில்பட்டி வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே ஒரு கேமரா. அம்மா போன பிறகு மாட்டியது. இங்கிருந்து பார்க்கலாம், கேட்கலாம், பேச முடியாது. தான் பார்க்கும்போது அதில் நீல லைட் எரியும் என்று மாட்டிய அன்றே அப்பாவிடம் சொல்லியிருந்தான்.

பிறகு அதையும் ஸ்கிரிப்டில் சேர்த்தான். ஒலியை நிறுத்தி, கடைசி டெஸ்க்டாப்பில். வேலை நாளெல்லாம் அது தவறாமல் திறந்துகொண்டது.

அவன்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

நேற்று பல் பிடுங்க லீவு. சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

“ஏல, இன்னைக்கு லைட் எரியலையே. ஒடம்புக்கு முடியலையா?”

“பல்லு” என்றான். வாயில் பஞ்சு இருந்தது.

இன்று நான்காவதுக்குப் போனான்.

அப்பா சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, கேமராவுக்கு நேராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது. அவசரமாக ஒலியைத் திறந்தான்.

“...உப்புத் தண்ணியில கொப்புளி. மோட்டர் நேத்துலருந்து ஓடல, ஆள் வாரேன்னுருக்கான். சரிய்யா, நீ வேலையப் பாரு.”

இத்தனை நாளும் இப்படித்தான் பேசியிருக்கிறார்.

பேசி முடித்தவர் எழுந்திருக்கவில்லை.

அவன் மீட்டிங்குக்குப் போய்விட்டு வந்தான். அப்பா அதே நாற்காலியில். பேப்பர் கீழே விழுந்திருந்தது. குனிய முடியாமல் காலால் இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் பிளாஸ்க், மூடி வைத்த தட்டு.

கொஞ்ச நேரம் நெளிந்தார். பிறகு கேமராவைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார்.

“இந்தா, பாத்ரூமுக்குப் போயிட்டு வந்துருதேன்.”

முட்டிவலிக்காரர். சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஓடித்தான் திரும்பியும் வந்தார்.

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

போனில்கூட அப்பா முதலில் வைத்ததில்லை. மகன் வைக்கட்டும் என்று காத்திருப்பார். இந்த ஜன்னலை அவன் மூடுவதே கிடையாது. பொழுது சாய்ந்து மடிக்கணினியை மூடும்வரை லைட் எரியும். அதுவரை அவர் எழுந்திருக்கப்போவதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்ப் படுப்பது எப்படி?

பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ஜன்னலை மூடினான்.

ஸ்கிரிப்டில் அந்த வரியையும் அழிக்கப் போனான். நாளைக்கு லைட் எரியாவிட்டால்? சட்டையைப் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை காத்திருப்பார். பிறகு போன் செய்வார்.

கை நின்றுவிட்டது.

போகட்டும், இன்றைக்காவது எழுந்திருப்பார். காலை நீட்டிப் படுத்திருப்பார். நினைக்கவே நிம்மதியாக இருந்தது.

அது ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. நிஜமாகவே படுத்தாரா? ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவிடலாம்.

திறந்தான்.

நாற்காலி காலி. அப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி, படுக்கையறை வாசலில் இருந்தார்.

போங்கப்பா என்றான், கேட்காத திரையிடம். போய்ப் படுங்க.

அவர் திரும்பி, எரியும் லைட்டைப் பார்த்தார்.

“வந்துட்டேன், வந்துட்டேன்” என்றார், சட்டைக்குள் கையை நுழைத்தபடி.