தை மாதத்துக்கு ஒரு மண்டபம்

பெண்ணைக் கொடுக்கிறேன் என்று வாய்நிறையச் சொன்ன மயில்சாமி, கல்யாண மண்டபம் மட்டும் பேசாமலே நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஏன் என்றுதான் வளவனுக்கு விளங்கவில்லை.

வளவன் ஓமலூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எஞ்சின் பாடம் நடத்துகிறவன். ஓடாத எஞ்சின் ஏன் ஓடவில்லை என்று காதை வைத்தே சொல்லிவிடுவான். இந்த மாமனார் எங்கே அடைத்துக்கொண்டு நிற்கிறார் என்பது மட்டும் பிடிபடவில்லை.

"ஒரு ஏக்கர் தோட்டங்கூட இல்லாத பையன்" என்று இரண்டு வருடம் மறுத்தவர், போன மாதம் திடீரென்று சரி என்றார். அதே வாரத்தில், பங்காளியோடு வெகுகாலமாக நடந்த வரப்பு வழக்கையும் தானாகவே விட்டுக்கொடுத்தார். ஜெபவீட்டுக்குப் போய்ப்போய் மனுசன் இளகிவிட்டார் என்று புதுச்சத்திரமே பேசியது.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வளவன் மயில்சாமி வீட்டில் போய் நின்றான். கல்யாணப்பெண் தனப்பிரியா வாசலிலேயே மறித்தாள்.

"அப்பாகிட்ட மண்டபத்தப் பத்தி மட்டும் கேளுங்க. வெளக்கம் குடுக்க ஆரம்பிச்சுறாதீங்க."

"நான் என்ன அப்படிப்பட்ட ஆளா?"

"காப்பி ஆறிப்போச்சுன்னு சொன்னதுக்கு, அது ஏன் ஆறுதுன்னு அர மணி நேரம் சொன்ன ஆளுங்க நீங்க."

"அது நல்லா இருந்துச்சுல்ல?"

"காப்பி நல்லா இல்லீங்க."

மயில்சாமி வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு, செல்போனில் ஏதோ பிரசங்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள, உக்காருங்க."

"தைக்கு மண்டபம் பேசலீங்களா மாமா?"

"தையா? டிசம்பரே தாண்டாதுங்க மாப்ள." போனைத் திருப்பிக் காட்டினார். ஏழு தலையும் பத்துக் கொம்புமாக ஒரு மிருகம் திரையில் உறுமியது. "உலகம் முடியப்போகுது. இவரு தேதியோட சொல்றாருங்க."

வளவனுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. அடைப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது! அதுவும், ஞாயிறு பள்ளியில் யாரும் கேட்காமலே அவன் நடத்துகிற பாடத்தில்.

"ஒரே நிமிசம் மாமா" என்றான். அவன் ஆரம்பித்த எதுவும் ஒரு நிமிடத்தில் முடிந்ததில்லை என்பது அவனுக்கே தெரியும்.

"எலக்சன் வந்தா நம்ம செவுத்துல மாம்பழம், சைக்கிள்னு வரையறாங்க. வெளிநாட்டுக்காரன் பாத்தா பழக்கடை, சைக்கிள் கடைன்னு நெனைப்பான். நமக்கு எது யாருன்னு தெரியும்."

"ஆமாங்க."

"பைபிளோட கடைசிப் புத்தகமும் அப்படித்தானுங்க. ரோமாபுரி ராஜாங்கம் சபைகளப் போட்டு நசுக்குன காலம். பேரச் சொன்னா தலை போயிரும். அதனால மிருகம்னு எழுதுனாங்க. ஏழு தலைன்னா ஏழு மலைன்னு அதுலயே இருக்குது. ஏழு மலை மேல இருந்த ஊரு எது? ரோமாபுரி! அன்னிக்குப் படிச்சவங்களுக்கு உடனே புரிஞ்சுது."

"அப்ப அது தேதி சொல்றது இல்லீங்களா?"

"அடிபட்ட சனத்துக்கு எழுதுன ஆறுதலுங்க. இந்த ராஜாங்கம் நெலைக்காது, ஆண்டவர் கைவிடமாட்டாரு, பொறுத்திருங்கன்னு. அவரு வருவாரு. எப்பன்னு யாருக்கும் தெரியாதுன்னு அவரே சொல்லிட்டாரே!"

அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்து முத்திரைகள் வந்தன, எக்காளங்கள் வந்தன. தனப்பிரியா கொண்டுவந்து வைத்த காப்பியில் ஆடை படிந்தது. அவள் இரண்டு தரம் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எனக்கு பிரேக் கொஞ்சம் பிடிக்காதுங்க மாமா" என்று தானே சிரித்துவிட்டு, வளவன் பத்துக் கொம்புக்குப் போனான்.

எல்லாம் முடிந்ததும் மயில்சாமி போனை அணைத்துத் தலையணைக்கடியில் வைத்தார். முகம் தெளிந்திருந்தது.

"அப்ப, மேக்கால காட்டுல தண்ணிக்குப் போர் போடலாமுங்களா?"

"தாராளமாப் போடுங்க மாமா."

"தென்னம்புள்ள வெச்சா?"

"வைங்க. பேரப் பசங்க எளநி குடிப்பாங்க."

"இப்பத்தானுங்க நெஞ்சு லேசாச்சு. இத்தன தெளிவா எனக்கு ஒருத்தரும் சொல்லலே."

வளவன் நெஞ்சை நிமிர்த்தித் தனப்பிரியாவைப் பார்த்தான். அவனுடைய விளக்கத்தைக் கடைசிவரை கேட்ட முதல் மனிதர் இவர்தான்.

"அப்ப மண்டபம் பேசிரலாமுங்களா மாமா?"

மயில்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"உலகம் முடியற மட்டுமாவது புள்ள அழுவாம இருக்கட்டும்னுதானுங்க தம்பி, உங்களுக்குச் சரின்னே சொன்னேன்."