இருபத்தைந்து மீட்டர் கேக்

கேக்கின் மேல் 25 என்று எண் மெழுகுவத்தி நின்றது. குணசேகருக்கு வயது நாற்பத்து மூன்று.

"முடிக்கறதுக்கு முன்னாடியே கேக்கா? முடிக்கலன்னா இன்னா பண்ணுவ?" நீச்சல் குளத்தின் படியில், முட்டியளவு தண்ணீரில் நின்று நடுங்கிக்கொண்டே கேட்டான்.

"உன் காரியத்துக்கு வெச்சிக்கறோம்யா" என்றாள் அவன் மனைவி தாயம்மா. தோளில் துண்டு, கையில் பிளாஸ்டிக் கத்தி.

மணி ஐந்தே முக்கால். பெங்களூர் ஆடுகோடியின் அந்த அபார்ட்மென்ட் இன்னும் எழுந்திருக்கவில்லை. குணசேகருக்கு அங்கே ஏஜென்சி மூலம் பகல் வேலை. அவன் நீச்சல் கற்றுக்கொள்வது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது ஆள் வீணா. நான்காவது மாடியில் குடியிருப்பவள், ஆபீஸ் போகுமுன் தினமும் நீந்துபவள். இரண்டு மாதமாக அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள்.

"ஆரம்பிங்கண்ணா" என்றாள் தண்ணீருக்குள்ளிருந்து. "செக்ரட்டரி வாக்கிங் வந்து பார்த்தாருன்னா உங்க வேலை போயிடும். இன்னைலேர்ந்து ஸ்கூல் லீவு வேற. இனிமே காலையில நமக்குக் குளம் கிடைக்காது."

"இன்னைக்கும் முடியலன்னா விட்டுடறேன் மேடம்."

"விடறதுன்னா உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமோ?"

"டிகிரி பாதி, டைப்பிங் பாதி, பீன்யா ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் பாதி. நேத்து வரைக்கும் இந்தக் குளமும் பாதி. நான் எதுலயும் ஒரே மாதிரிதான் மேடம்."

"இவங்கப்பா கோலார் சுரங்கத்துல மூவாயிரம் அடி இறங்குனவரு" என்றாள் தாயம்மா. "புள்ள ஏழடிக்கு இந்த ஆட்டம் ஆடுது."

எட்டு மாதமாகத் தினமும் பார்க்கும் தண்ணீர்தான். எந்த இடத்தில் எத்தனை அடி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். பயமே அதனால்தான்.

மூச்சை இழுத்துக்கொண்டு பாய்ந்தான்.

அதை நீச்சல் என்று சொன்னால் நீச்சல் கோபித்துக்கொள்ளும். போர்வை துவைப்பதுபோலத் தண்ணீரை அடித்தான். கால் ஒரு பக்கம் போக, இடுப்பு வேறு பக்கம் போனது.

பாதி தூரத்தில் தரை சரியத் தொடங்கும் இடம் வந்தது. வழக்கம்போல் அவன் கை பக்கச் சுவரைத் தேடியது.

"சுவத்துல கை வெச்ச, வீட்டுக்கு வராத!" தாயம்மா குளத்தோரமாகவே கூட நடந்துகொண்டிருந்தாள்.

கையை இழுத்துக்கொண்டான். ஒரு வாய் குளோரின் தண்ணீர் உள்ளே போனது. இதையும் விட்டுவிட்டால் வேறு எதை விடுவது என்று யோசித்தான். ஒன்றும் மிச்சமில்லை. காலை உதைத்தான்.

எதிர்ச் சுவரை முதலில் தொட்டது அவன் கை அல்ல, தலை.

"வந்துட்டீங்கண்ணா! முழு லென்த்!" வீணா கத்திவிட்டு, மாடிகளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு நிமிஷம் அம்பது செகண்ட். எங்க அக்கா பொண்ணு, ஆறு வயசு, நாப்பது செகண்ட்ல போகும்."

"அதுக்கு முட்டி வலி கிடையாது மேடம்" என்றான், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

மூவரும் சத்தமில்லாமல் கைதட்டினார்கள். ஈரத்தோடு மெழுகுவத்தியை ஊதினான். தாயம்மா ஒரு பெரிய கேக் துண்டை அவன் வாயில் திணித்தாள்.

"வாழ்க்கையில ஒண்ண முழுசா முடிச்சிருக்க. தின்னு."

"பைத்தியம், யாராவது பாத்தா சிரிப்பாங்கடி."

"நாங்க ரெண்டு மாசமா சிரிச்சிக்கினுதான இருக்கோம்."

வீணா மேலே போனாள். தாயம்மா கேக் டப்பாவைப் பையில் மறைத்துக்கொண்டு கேட் பக்கம் நடந்தாள். குணசேகர் துடைத்துக்கொண்டு உலர்ந்த உடைக்கு மாறி வந்தபோது மணி ஏழு.

லிஃப்ட் கதவு திறந்தது. இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து நேராக ஏழடிப் பக்கத்தில் குதித்தார்கள். பின்னால் அவர்களுடைய அம்மா மைதிலி, தோளில் லேப்டாப் பையும் கையில் கார் சாவியுமாக வந்தாள். நிற்க அவளுக்கு நேரமில்லை.

போகிற போக்கில் குணசேகரைப் பார்த்துக் கையசைத்தாள்.

"லைஃப்கார்டு அண்ணா, நீங்க இருக்கற தைரியத்துலதான் போன வருஷத்துலேர்ந்து லீவு நாள்ல இதுங்கள தனியா விட்டுட்டு ஆபீஸ் போறேன்!"