மூன்று முயல்களின் நிலம்

அம்மா விட்டுப்போன நிலத்தில் என்ன வைப்பது என்று மூன்று முயல்கள் கூடிப் பேசின. "பலா வைப்போம். பத்து வருஷத்தில் தோப்பாகிவிடும்," என்றான் மூத்தவன். "கிணறு வெட்டி வாழை வைப்போம். தலைமுறைக்கும் நிற்கும்," என்றான் நடுவன். இருவரும் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். விதைக்கும் பருவம் முடியப்போனது.

"பத்து வருஷம் கழித்து இங்கே யார் இருப்பீர்கள்?" என்று தங்கை கேட்டாள்.

மூத்தவன் காதைச் சொறிந்தான். "நான் மலையடிவாரத்துக்குக் குடிபோகிறேன். தம்பி பார்த்துக்கொள்வான் என்றிருந்தேன்."

"ஐயோ, நான் ஆற்றங்கரைக்கல்லவா போகிறேன்! நீ இருப்பாய் என்று நினைத்தேன், அண்ணா."

இருவரும் தங்கையைப் பார்த்தார்கள்.

"நான் எங்கேயும் போகவில்லை. எனக்கு முள்ளங்கி பிடிக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் மண்ணைக் கிளறத் தொடங்கினாள்.