விரல் வைத்தால் திறக்கும்

"இது பிசினஸ் லேப்டாப். பாஸ்வேர்டே வேணாம், விரல் வச்சா திறந்துடும்" என்றார் கடைக்காரர்.

மகள் அதன் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. திங்கட்கிழமை அவள் முதல் வேலையில் சேர வேண்டும். சொந்த லேப்டாப்போடு வரச் சொல்லியிருந்தார்கள்.

அம்மா பக்கத்து மேசையைக் காட்டினாள். "அந்த மலிவானதே போதும்."

"அது ரெண்டு வேலை சேர்த்துக் குடுத்தாலே திணறும்மா! முதல் வாரமே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"வாங்கறதுன்னா அதை வாங்கு. இல்லேன்னா கிளம்பு."

கடைக்காரர் மெல்ல நழுவினார். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அண்ணன் கேட்டப்ப மட்டும் இதைவிட ஒசத்தியா வாங்கிக் குடுத்தே! செத்தவனுக்கு ஒண்ணு, இருக்கறவளுக்கு ஒண்ணா?"

அம்மா லேப்டாப்பில் விரல் வைக்கும் இடத்தைத் தொட்டாள்.

"அதுவும் விரல் வச்சாத்தான் திறக்கும். இல்லேன்னா பாஸ்வேர்டு வேணும், அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் படம், குரல் எல்லாம் உள்ளேயே கிடக்கு, இன்னி வரைக்கும் திறக்க முடியல."

"அம்மா..."

"அவனைத் தூக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டேனே, அழறேன்னுதானே எல்லாரும் நெனச்சீங்க? அவன் பத்து விரலையும் ஒவ்வொண்ணா அதுல வச்சுப் பாத்துட்டிருந்தேன்டி."