ராத்தா சொன்ன சபூர்

"ஆண்டவரைக் கேள்வி கேக்கிறது பாவம், டீச்சர்."

மேனுஜா வந்து உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சேர்ச் மாதர் சங்கத் தலைவி அவர். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு மாற்றலாகி வந்து ஏழு மாதமாகியும் ஒரு ஞாயிறாவது ஆராதனைக்கு வராத பூமணி டீச்சரைப் பார்த்து ஆறுதல் சொல்ல வந்திருந்தார். ஆறுதலின் லட்சணம் இது.

"என்ட மகன், பதினஞ்சு வயசுப் புள்ள. டெங்குக் காய்ச்சல், நாலே நாளில போயிட்டான்," என்றாள் பூமணி. "ஏன் எண்டு மட்டுந்தான் கேக்கிறன். பதில் வரட்டும், நானும் சேர்ச்சுக்கு வாறன்."

"படைச்சவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?"

"தெரிஞ்சவர்கிட்டத்தானே கேக்கணும்?"

மேனுஜா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "ஒங்களுக்காக ஜெபிக்கிறம்," என்று வாசலில் நின்று அவர் சொன்னதில் ஜெபத்தைவிடக் கோபம்தான் கூடுதலாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா, கைருன்னிஸா ராத்தாவுக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். அது கண்ணை மறைக்கும், காதை மறைக்காது.

மதிலுக்கு மேலால் சோற்றுக்கு ஊற்ற ஒரு கோப்பை மீன் ஆணத்தை நீட்டினார் ராத்தா. எந்நேரமும் சிரித்த முகம். கவலை என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள் என்றுதான் பூமணி நினைத்திருந்தாள்.

"அழாதீங்க டீச்சர். சபூரை மட்டும் விட்டுடாதீங்க. அதப் புடிச்சிக்கிட்டுத்தான் மனிசர் உசிரோட இரிக்கிற."

சபூரா?

பூமணி படிப்பிப்பது முஸ்லிம் பாடசாலையில். இஸ்லாம் பாடம் எடுக்கும் றாஸிக் சேர் போன கிழமைதான் கரும்பலகையில் நான்கு வேதங்களின் பெயரையும் எழுதிப்போட்டு, "தாவூது நபிக்கு இறங்கினது சபூர். ஒங்கட தாவீது ராஜாட சங்கீதந்தான் டீச்சர்," என்று சொல்லியிருந்தார்.

சொந்தச் சபைக்காரி வாயை மூடு என்கிறார். பக்கத்து வீட்டு முஸ்லிம் மனுசி சங்கீதத்தை விட்டுவிடாதே என்கிறார்! பூமணிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அலமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்த வேதப்புத்தகத்தை இறக்கினாள். சாவு வீட்டில் வாசிக்கிற இரண்டொரு சங்கீதத்தைத் தவிர அவளுக்கும் அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. முதலாவதிலிருந்தே தொடங்கினாள்.

பத்துப் பதினைந்து தாண்டுவதற்குள் ராஜா கேட்கத் தொடங்கிவிட்டார். ஏன் எட்டத்தில் நிற்கிறீர் என்கிறார். இன்னும் எத்தனை நாளைக்கு என்னை மறந்திருக்கப் போகிறீர் என்கிறார். பக்கங்களைத் தள்ளிப் பார்த்தால், தூங்குகிறீரா, எழும்பும் என்று ஓர் அதட்டலே இருக்கிறது.

"அடப் பாவி மனுசா, நான்கூட இப்பிடிக் கேக்கல்லையே!" என்று வாய்விட்டுச் சொன்னாள் பூமணி.

பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டி வந்தபோது, இருபத்திரண்டாவதில் கை நின்றது. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று தொடங்கியது அது.

பெரிய வெள்ளிக்குப் பெரிய வெள்ளி அவள் கேட்ட சொல்தான். சிலுவையில் தொங்கிக்கொண்டு இயேசு கேட்டது. அதுவும் ஒரு 'ஏன்'. பிதாவைப் பார்த்துப் பிள்ளை கேட்ட 'ஏன்'. அந்த நேரத்தில் அவருக்கும் மேலேயிருந்து ஒரு பதிலும் வரவில்லை. அதற்காக அவர் பாவம் செய்தார் என்று எந்தச் சபையும் சொல்வதில்லை.

நாற்பது வருடமாகக் கேட்டும் இது காதில் விழவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பின்னேரம் பள்ளிவாசலில் அசர் பாங்கு சொல்லும்வரை அழுதாள். அழுகை அதே அழுகைதான், ஆனால் இந்தமுறை தனியாக அழுவதுபோல் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் அவளைக் கண்டதும் மேனுஜாவின் புருவம் உயர்ந்தது.

"என்ன டீச்சர், பதில் கிடைச்சிட்டா?"

"இல்ல. கேக்கிற இடம் கிடைச்சிட்டு."

ஆராதனை முடிந்ததும் நேரே ராத்தா வீட்டுக்குத்தான் போனாள்.

"நீங்க சொல்லாட்டி நான் அந்தப் புத்தகத்தத் திறந்தே இருக்கமாட்டன், ராத்தா."

"எந்தப் புத்தகம்?"

"சபூர்தான். எங்கட சங்கீதம். அத விட்டுடாதீங்க எண்டு சொன்னீங்களே?"

ராத்தா திருதிருவென்று விழித்தார். பிறகு முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"யா அல்லாஹ்! நான் சென்ன சபூர் எண்டா பொறும, டீச்சர்! எங்கட வாயில வேதத்துட பேரும் இதும் ஒரே மாதிரித்தான் வரும். ஒண்டும் கேக்காம பொறுமையா இரிங்க எண்டுதான் நான் சென்ன!"

மேனுஜா சொன்னதையேதான் ராத்தாவும் சொல்லியிருக்கிறார்! பூமணிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மகன் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

"அது சரி, அப்பிடி என்னதான் இரிக்கி அதில?" என்று கேட்டார் ராத்தா.

"கேள்விதான், ராத்தா. ஏன் விட்டுட்டுப் போனாய், எங்க ஒளிச்சாய் எண்டு அழுதழுது கேட்டதெல்லாம் அதில இருக்கு."

"கேட்டதுக்குப் படைச்சவன் கோவிக்கல்லியா?"

"கோவிச்சிருந்தா அத வேதத்தில வெச்சிருப்பாரா?"

 ராத்தா கதிரையைப் பூமணிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க டீச்சர். சுனாமியில என்ட ரெண்டு புள்ளையும் போன நாளையிலிருந்து, நான் ஒரு நாளும் ஏன் எண்டு கேட்டதில்ல."